ஆற்றலரி என்று எழுதிக் கொட்டி என்று திருத்திய பூ

2022 ஜனவரி மாதத்துக் குறிப்பேட்டில், வேலூருக்குத் தெற்கே கணியம்பாடியைத் தாண்டி ஆரணி சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சிற்றேரியைப் பற்றிய பக்கத்தில், "ஆற்றலரி, உள்வாயில், இளஞ்சிவப்புக் கதிர், நிறைய" என்று ஒரு வரி எழுதியிருக்கிறேன். அந்த முதற்சொல்லின் மேல் பிற்பாடு கோடு இழுத்து, ஓரத்தில் "கொட்டி" என்று வேறு மையில் எழுதியிருக்கிறேன். முதல் மைக்கும் இரண்டாவது மைக்கும் இடையே 16 மாதங்கள் கழிந்தன. ஒரு பூவின் பெயரைத் திருத்துவதற்கு அத்தனை மாதங்கள் எதற்கு என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். பூவை மட்டும் பார்த்தபோது பெயர் தவறியது. செடி நின்ற தரையைப் பார்த்த பிறகுதான் பெயர் உறுதியானது. ஏரியின் பெயரை இங்கே எழுதவில்லை; அதற்கான காரணம் பின்னால் வரும்.

2021 நவம்பரில் பாலாற்றில் கரைகொள்ளாத வெள்ளம் வந்ததை இப்பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். மணலாறு என்றே எங்கள் பிள்ளைகள் அறிந்திருந்த ஆற்றைப் பார்க்கப் பாலங்களின் மேல் கூட்டம் கூடிய மாதம் அது. பல ஆண்டுகளாகக் காய்ந்து கிடந்த ஏரிகள் பலவும் அந்தப் பருவத்தில் நிரம்பி, மிகைநீர் வழிந்து கோடி போயின. நான் சொல்லும் ஏரி பாலாற்றோடு தொடர்பில்லாத மானாவாரி ஏரி. ஜவ்வாது மலைச்சாரலை ஒட்டிய கரடுகளிலிருந்து வழியும் மழைநீரை ஒரு வரத்துக்கால்வாய் கொண்டுவந்து சேர்ப்பதால் அது நிரம்புகிறது. அதுவும் நிரம்பியது. ஜனவரியில் நான் போனபோது, கரைமேல் நின்று பார்த்தால் எதிர்ப்புறத்தில், தண்ணீர் ஆழமில்லாமல் பரந்து கிடக்கும் உள்வாய்ப் பகுதியில், நீர்மட்டத்துக்கு ஒரு சாண் உயரத்தில் வெளிறிய இளஞ்சிவப்புக் கதிர்கள் நூற்றுக்கணக்கில் நிமிர்ந்து நின்றன.

கைபேசியில் பெரிதாக்கிப் படமெடுத்தேன். படத்தில் கதிர் மட்டுமே விழுந்தது. நீரோரத்தில் இளஞ்சிவப்புக் கதிர் என்றால் எங்கள் பக்கத்தில் ஆற்றலரிதான் என்ற பழக்கத்தில் அப்படியே எழுதிக்கொண்டேன். செடிகளை அடையாளம் சொல்லும் கைபேசிச் செயலி ஒன்றும் அந்தப் படத்தைப் பார்த்து ஆற்றலரிக் குடும்பத்தையே முதலில் சொன்னது. செயலியைக் குறை சொல்ல நியாயமில்லை. இலையில்லாத, தண்டில்லாத, தரையில்லாத ஒரு கதிரை நான் காட்டினேன். காட்டியதை வைத்து அது சொன்னது. தவறு கரையில் நின்றவனுடையது.

சந்தேகம் வந்தது ஏறக்குறைய ஓராண்டு ஆகும் தறுவாயில், அதுவும் தற்செயலாக. பாலாற்றங்கரையில் உண்மையான ஆற்றலரியைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் தண்டு கணுக்கணுவாக இருக்கும். ஒவ்வொரு கணுவையும் மெல்லிய சவ்வு ஒன்று உறைபோலச் சுற்றியிருக்கும். இலை அந்தக் கணுவிலிருந்து நிமிர்ந்து வளரும். அந்தக் குடும்பத்தில் கணுவைச் சுற்றிய அந்த உறைதான் முதலில் பார்க்க வேண்டிய உறுப்பு. அப்போதுதான் உறைத்தது: ஏரியில் கதிர்கள் இருந்தன, ஆனால் தண்ணீருக்கு மேலே தண்டும் இலையும் எழுந்து நிற்கவே இல்லை. ஆற்றலரிக் கூட்டம் என்றால் தூரத்திலிருந்தே பச்சைப் புதராகத் தெரிந்திருக்க வேண்டும். அங்கே கதிர்களுக்கிடையில் வெறும் நீர்ப்பரப்பும், அதன்மேல் ஒட்டிக் கிடந்த ஏதோ இலைகளுமே இருந்தன.

2022 டிசம்பரில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினேன். சேறு முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை வாங்கியது. அதற்கு மேல் ஒன்றரை அடித் தண்ணீர். ஏரியில் இறங்குகிறவர்கள் ஒரு நீளக் கழியைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் குத்திப் பார்த்தே அடியெடுத்து வைக்க வேண்டும். மண் எடுத்த பள்ளங்கள் தண்ணீருக்கு மேல் தெரியாது. அவற்றில் விழுந்து ஆண்டுதோறும் உயிர்கள் போகின்றன. இதை நான் சொல்லாமல் பூவைப் பற்றி மட்டும் எழுதினால் அது பொறுப்பாகாது.

கையால் துழாவியபோது, கதிர்க்காம்பும் இலைக்காம்புகளும் தரையில் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பியது விரல்களுக்குத் தெரிந்தது. நடுவே தண்டு என்று ஒன்றில்லை, கணுவும் இல்லை. ஒவ்வோர் இலையும் தனிக்காம்பில், நீரின் ஆழத்துக்கு ஏற்ப நீண்டு மேலே வந்து, நீர்மட்டத்தில் தட்டையாகப் படிந்திருந்தது. இலை நீள்வட்டமாகச் சற்றே குறுகி, அடிப்பக்கம் இலேசாக இதயவடிவில் வளைந்திருந்தது. நான் அளந்தவை 6 முதல் 11 செ.மீ. நீளமும் 2 முதல் 3 செ.மீ. அகலமும் இருந்தன. நடுநரம்புக்கு இருபுறமும் நான்கைந்து நரம்புகள் இலையின் அடியிலிருந்து நுனிவரை இணையாக ஓடின. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தால், அவற்றுக்கிடையே ஏணிப்படிகள்போலக் குறுக்கு நரம்புகள் தெரிந்தன. இணைநரம்பு என்பதால் ஒருவித்திலைத் தாவரம் என்பது உடனே விளங்கியது, ஆற்றலரி இருவித்திலை. என் ஜனவரிக் குறிப்பு அந்த நொடியிலேயே செத்தது.

கதிரின் நீளம் 6 செ.மீ. அளவில் இருந்தது. கிளைக்காத ஒற்றைக் கதிர். தூரத்தில் இளஞ்சிவப்பாகத் தெரிந்த பூக்கள் அருகில் வெள்ளையாகவே இருந்தன. ஊதா கலந்த சிவப்பு அவற்றில் ஒரு சாயலாக மட்டுமே இருந்தது. 10 மடங்கு பெருக்கும் கைவில்லையை வைத்துப் பார்த்தபோது, ஒவ்வொரு பூவிலும் இதழ்போன்ற உறுப்புகள் இரண்டே இரண்டு இருந்தன. மகரந்தக்காம்புகள் 6, அவை இதழ்களைவிட நீண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன, நடுவே சூலகங்கள் 3. இரண்டு இதழ், ஆறு மகரந்தம், மூன்று சூலகம் என்ற இந்தக் கணக்கு நம் ஏரிகளில் காணும் வேறெந்த மிதவைச்செடிக்கும் பொருந்தாது. இன்னும் விரியாத ஒரு மொட்டுக்கதிரை நீருக்கடியில் கண்டேன். அதை ஒரு சிறிய பாளை மூடியிருந்தது. பூத்த கதிர்களில் அந்தப் பாளையைத் தேடினேன், காணவில்லை. கதிர் மேலே வந்து விரிந்ததும் பாளை உதிர்ந்துவிடுகிறது.

இருந்தாலும், போன முறை பட்ட அடியால், மற்றவற்றை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகே பெயர் எழுதுவது என்று முடிவு செய்திருந்தேன். மிதக்கும் இலையும் கதிரும் உள்ள பொட்டமோகெட்டான் இனம் ஒன்று நம் ஏரிகளில் உண்டு. ஆனால் அதற்கு நீருக்குள் நீண்ட தண்டு இருக்கும், இலைகள் அந்தத் தண்டின் கணுக்களில் வரும், கதிர் பசுமையும் பழுப்புமாக இருக்கும். நீர்க்குளிரிக்கு இலைகள் நீருக்குள்ளேயே அகன்று கிடக்கும்; பூ தனித்தனியாக, மூன்று இதழோடு, சிறகு வைத்த உறையிலிருந்து எழும். நீலோற்பலம் என்று சிலர் தவறாகச் சொல்லும் மானோகோரியாவுக்குப் பூ நீலம். இலை நிமிர்ந்து நிற்கும். இவை எதுவும் இல்லை.

மிஞ்சியது அப்போனோகெட்டான். குடும்பத்தில் இந்த ஒரே பேரினம்தான் உண்டு. உலகில் சுமார் 60 இனங்கள் அறியப்பட்டுள்ளன. இந்தப் பேரினத்துக்கு முழுமையான ஆய்வுநூல் எழுதியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த வான் ப்ருக்கன். வெளியான ஆண்டு 1985. மகாராஷ்டிரத்தின் சாத்தாராப் பகுதியில் மட்டும் வளரும் ஓரினத்துக்குக் கதிர் இரண்டாகப் பிரியும். தென்னாப்பிரிக்காவில் பூங்கொத்தையே கறியாகச் சமைத்துண்ணும் இனத்துக்கும் அப்படியே. நம்முடையது ஒற்றைக் கதிர் என்பதால் அவை விலகின. ஒற்றைக் கதிர் உள்ளவற்றுள் கிரிஸ்பஸ், உண்டுலேட்டஸ் என்ற இரண்டுக்கும் இலைகள் பெரும்பாலும் நீருக்குள்ளேயே கிடக்கும். விளிம்பு அலையலையாகச் சுருண்டிருக்கும். மிதக்கும் இலைகள் நன்றாக வளர்ந்து, நீருக்குள் இருக்கும் இலைகள் குறைந்தோ இல்லாமலோ இருப்பது நட்டன்ஸ் என்ற இனம். மிதப்பது என்பதே அந்தச் சொல்லின் பொருள். ஒரு எச்சரிக்கை: நட்டன்ஸின் இளஞ்செடியை முதல் மழைக்குப் பின் பார்த்தால், அதன் இலைகளும் நீருக்குள்தான் இருக்கும், விளிம்பும் இலேசாக நெளிந்திருக்கும். அந்த வயதில் அடையாளம் சொல்ல முயல்வது வீண்வேலை. கார்த்திகை, மார்கழி வரை பொறுத்திருந்தால் செடியே சொல்லிவிடும்.

ஆக, அப்போனோகெட்டான் நட்டன்ஸ். தமிழில் என்ன? அகராதிகளும் தாவரநூல்களும் கொட்டி என்கின்றன. கொட்டி என்றதும் எனக்கு நினைவுக்கு வந்தது ஆறாம் வகுப்பு. மூதுரையில், நீர் வற்றியதும் பறந்துபோகும் பறவையைப் போன்றவர் உறவினர் ஆகார், அந்தக் குளத்திலேயே ஒட்டிக் கிடக்கும் கொட்டி, ஆம்பல், நெய்தல் போன்றவரே உறவினர் என்று ஔவையார் சொல்லும் வெண்பாவை மனப்பாடம் செய்யாதவர் யார்? ஆம்பல் தெரியும், நெய்தலை நீல அல்லி என்பார்கள். கொட்டி என்றால் என்ன என்று கேட்டதற்கு "அது ஒரு நீர்க்கொடி" என்று எங்களுக்கு விடை கிடைத்தது. உரைநூல்களும் பெரும்பாலும் அந்த அளவிலேயே நின்றுவிடுகின்றன. கொடியே இல்லை, நான்தான் இறங்கிப் பார்த்தேனே, தண்டே இல்லாத செடி.

இருந்தாலும் நூலில் உள்ள பெயரும் ஊரில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்பது தனிக் கேள்வி. 2023 மே மாதம் ஏரி முற்றிலும் வற்றியிருந்தது. நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் வரத்துக்கால்வாயைத் துப்புரவு செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுள் மூத்தவரான ஓர் ஆயாவிடம் கைபேசியில் பூவின் படத்தைக் காட்டி, இது என்ன பூ என்று கேட்டேன். அவர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கொட்டி என்று சொல்கிறார்களே, இதுதானா என்று கேட்டேன். "கொட்டிக்கு ஏதுபா பூவு? அது கெழங்கு" என்றார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. 16 மாத வேலை பாழானதோ என்று நினைத்தேன்.

பிறகு கிழங்கையே காட்டச் சொன்னேன். வெடித்துக் கிடந்த ஏரிமண்ணில், நான் டிசம்பரில் கதிர்களைக் கண்ட அதே உள்வாய்ப் பகுதிக்கு, நான் சொல்லாமலே அவர் நேராக நடந்தார். வெடிப்பின் ஓரத்தில் களைக்கொட்டால் ஒரு கட்டியைப் பெயர்த்து உடைத்தார். சுண்டைக்காயைவிடப் பெரிதாக, கரும்பழுப்புத் தோலோடு, காய்ந்த வேர்நார்கள் ஒட்டிய உருண்டை ஒன்று உள்ளே இருந்தது. தோலை நகத்தால் சுரண்டிக் காட்டினார். உள்ளே மாவு வெள்ளையாக இருந்தது. சின்ன வயதில் வெயில் காலத்தில் இதைத் தோண்டிக்கொண்டு போய் வேகவைத்துத் தின்றதாகவும், அல்லிக்கிழங்கு வேறு, இது வேறு, இதன் ருசி கொஞ்சம் கெட்டி என்றும் சொன்னார். பூக்கும் காலத்தில் அவர் ஏரிக்குள் இறங்கியதே இல்லை. நடவுக்கும் களையெடுப்புக்கும் வயலில் இருப்பார். கிழங்கெடுக்க வரும்போது ஏரியில் பூ இருக்காது. அவருக்குப் பாதிச் செடி தெரியும். எனக்கு மீதிப் பாதி தெரிந்திருந்தது. அந்தக் கட்டியில் காய்ந்து ஒட்டியிருந்த இலைக்காம்பின் அடிப்பகுதியும், அதே இடத்தில் அக்டோபரில் அதேபோன்ற உருண்டையிலிருந்து முளைத்து வந்த இலையும்தான் இரண்டு பாதிகளையும் சேர்த்தன. குறிப்பேட்டில் கோடு இழுத்துத் திருத்தியது அன்று மாலைதான். அக்டோபர் முளை அதற்கு மேலொப்பம்.

பெயர் வரலாற்றில் ஒரு சுவையான இடம் உண்டு. 1771இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இச்செடிக்கு முதலில் இட்ட பெயர் சௌரூரஸ் நட்டன்ஸ். சௌரூரஸ் என்றால் பல்லிவால். கதிரைப் பார்த்து வைத்தது. தூரத்திலிருந்து கதிரை மட்டும் பார்த்து ஏமாந்தவன் நான் ஒருவன் மட்டுமல்ல என்று கொஞ்சம் ஆறுதல்பட்டுக்கொண்டேன். இன்றுள்ள பெயருக்கு 1906இல்தான் ஜெர்மானியத் தாவரவியலாளர்கள் எங்கலரும் கிரவுசும் அதை மாற்றினார்கள். லின்னேயசின் மாணவரான கோனிக் 1768 முதல் தரங்கம்பாடியில் இருந்து தென்னிந்தியச் செடிகளை ஆராய்ந்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். பின்னர் ஆற்காட்டு நவாபிடமே இயற்கையியலாளராக வேலை பார்த்தார். இப்பகுதியின் ஏரிக்கரைகளில் குதிரையை நிறுத்திவிட்டு இறங்கிய முதல் தாவரவியலாளர்களில் அவர் ஒருவராக இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கும். அப்போனோகெட்டான் என்ற சொல்லின் பிற்பகுதிக்குக் கிரேக்கத்தில் அண்டைவீட்டார் என்று பொருள். முற்பகுதி இத்தாலியின் ஒரு வெந்நீர் ஊற்றைக் குறிக்கும் பழம்பெயர். அவர்கள் அண்டைவீட்டார் என்றார்கள். நம்முடைய வெண்பா உறவினர் என்றது.

இனி, தரையைப் பற்றி. இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

நீர்ச்செடி என்றதும் தண்ணீர் எங்கே நிறைய இருக்கிறதோ அங்கே தேட வேண்டும் என்று நினைப்பது இயல்பு. நானும் அப்படித்தான் தேடினேன். வேலூரைச் சுற்றி ஆண்டு முழுவதும் தண்ணீர் நிற்கும் ஏரிகள் சில உண்டு. அவற்றில் பல, ஊரின் கழிவுநீர் வந்து சேர்வதால் வற்றாமல் நிற்பவை. அவற்றை ஆகாயத்தாமரை முழுவதுமாக மூடிக்கொண்டிருக்கும்; கரையோரத்தில் நெய்வேலிக் காட்டாமணக்கு நிற்கும்; கொட்டி இருக்காது. ஏரியின் ஆழமான பகுதியான மதகடியிலும் நான் அதைக் கண்டதில்லை. நான் கண்ட இரண்டு ஏரிகளிலும் அது நின்ற இடம் ஒன்றே: கரைக்கு எதிர்ப்புறம், வரத்துக்கால்வாய் வந்து விரியும் சரிவான உள்வாய், ஒன்று முதல் இரண்டடி ஆழம், வெயில் நேராக விழும் தெளிந்த நீர், அடியில் ஒரு சாணுக்கு வண்டல், அதற்குக் கீழே இறுகிய களிமண். அந்த இடம் ஆடியில் வெடித்துக் கிடக்கும். ஆவணி, புரட்டாசியில் வரும் மழையில் ஈரமாகும். ஐப்பசியில் தண்ணீர் நிற்கும். நின்ற இரண்டு மூன்று வாரத்தில் கிழங்கு முளைத்துவிடும். பங்குனிக்குள் மறுபடியும் சேறாகிச் சித்திரையில் காயும்.

உடன் வளர்பவற்றையும் பார்த்து வைத்துக்கொண்டால், கொட்டி இல்லாத பருவத்திலும் அந்த இடத்தை ஊகிக்க முடிகிறது. ஈரம் வற்றும் ஓரத்தில் நான்கிலை விரித்த ஆரை படர்ந்திருக்கும். அதற்கு மேல்வரிசையில் நீர்ப்பிரம்மி. சேற்றில் குட்டைக் கோரைகள். நீருக்குள் மஞ்சள் பூவோடு, நுண்ணிய பைகளால் பூச்சிகளைப் பிடிக்கும் யுட்ரிகுலேரியா. இவை எல்லாமே ஈரமும் காய்ச்சலும் மாறிமாறி வரும் தரைக்குப் பழகியவை. இவை ஒன்றாக இருக்கும் உள்வாயைக் கண்டால் நான் இப்போதெல்லாம் கழியை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறேன்.

தரை காய்வது கொட்டிக்கு நேரும் துன்பம் என்றே முதலில் எண்ணினேன். பிறகு தலைகீழாகத் தோன்றியது. வேரும் கிழங்குமாகச் சேற்றில் இருந்து வெயிலைத் தாண்டத் தெரியாத செடிகளை, குறிப்பாகப் பரந்து மூடும் மிதவைகளை, ஆண்டுக்கொருமுறை வரும் அந்தக் காய்ச்சல் அப்புறப்படுத்திவிடுகிறது. அடுத்த மழையில் மூடாத நீர்ப்பரப்பும் வெயிலும் கொட்டிக்குக் கிடைக்கின்றன. வெண்பாவில் நீர் வற்றிய குளத்தைச் சொல்லி அதில் கொட்டியை வைத்தது அந்தச் செடியின் வாழ்முறைக்கு அவ்வளவு துல்லியமாகப் பொருந்துகிறது. அந்தக் காலத்திலேயே நமக்குத் தாவரவியல் இருந்தது என்று இதை வைத்து மேடையேறப் போவதில்லை. கோடையிலும் ஏரிக்குள் நடந்து பார்த்த ஒருவர் எழுதியது, அவ்வளவே.

அரிது என்று இதைச் சொல்வதிலும் ஒரு வரையறை வேண்டும். இந்தியாவின் பல மாநிலங்களிலும் இலங்கையிலும் இது உண்டு. அழிவின் விளிம்பில் நிற்கும் இனமென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கொட்டி தின்றதாகச் சொல்லும் முதியவர்களை நான் ஊருக்கு ஊர் சந்திக்கிறேன். அவர்கள் கைகாட்டும் ஏரிகளில் இறங்கிப் பார்த்தால் செடி இல்லை. ஏன் இல்லை என்பதற்குப் பெரும்பாலும் தரையே விடை சொல்லிவிடுகிறது.

இந்தப் பகுதியில் இயற்கையான ஏரி என்று சொல்லத்தக்கது அரிது. கொட்டி நிற்பது மனிதர் வெட்டிய தரை. சோளிங்கர் பக்கத்து மகேந்திரவாடியில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் ஒரே பாறையில் குடைந்த கோயிலின் கல்வெட்டு, அது மகேந்திரதடாகத்தின் கரையில் அமைந்தது என்கிறது. 1,400 ஆண்டுப் பழைமை. காவேரிப்பாக்கத்துப் பேரேரியும் பல்லவர் காலத்ததாகவே கருதப்படுகிறது. எனவே ஏரியில் மண்வெட்டி வைப்பதே பாவம் என்று பேசுவது பொருந்தாது. மண்வெட்டி இல்லாமல் கொட்டிக்கு இருப்பிடமே இல்லை. கோடையில் உழவர்கள் உள்வாய் வண்டலைக் கூடைகூடையாக அள்ளி மாட்டுவண்டியில் வயலுக்குக் கொண்டுபோன காலம் முழுவதும் கொட்டி இருந்திருக்கிறது. மேலாகச் சுரண்டினால் சில கிழங்குகள் போகும், பல தங்கும். வண்டலோடு வயலுக்குப் போன கிழங்கும் சேற்றுவயலில் முளைக்கும். அந்த ஏரியின் ஆயக்கட்டில் ஒரு நடவு வயலின் மூலையில் நான்கு செடிகளை நானே பார்த்தேன். உழவர் அதைக் களை என்று பிடுங்கி வரப்பில் போட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

மாறியிருப்பது அள்ளும் முறை. ஏரிகளை ஊராரே சேர்ந்து பராமரிக்கும் குடிமராமத்துத் திட்டம் 2017இல் புதுப்பிக்கப்பட்டது. உழவர்கள் ஏரிவண்டலை இலவசமாக எடுக்க அனுமதியும் அதே ஆண்டில் வந்தது. நோக்கம் நல்லது, கால்வாய்கள் திறந்தன, கரைகள் பலப்பட்டன, நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் பொக்லைன் ஒரு சாண் வண்டலோடு நிற்பதில்லை. நான் இரண்டாவதாகக் கொட்டியைக் கண்ட ஏரியில், வேலையை எடுத்திருந்தவர் உள்வாயிலேயே ஆளுயரத்துக்கு மேல் குழிகள் வெட்டி, வண்டலுக்குக் கீழே இருந்த களிமண்ணையும் மொரம்பையும் லாரியில் ஏற்றினார். அடுத்த பருவத்தில் குழிகளில் மட்டும் தண்ணீர் ஆழமாக நின்றது. மேடாக எஞ்சிய இடத்தில் நீரே ஏறவில்லை. ஒன்றரை அடி ஆழத்தில் பரந்து நிற்கும் நீர் என்ற ஒன்று அந்த ஏரியில் இல்லாமற்போனது. ஏரியின் கொள்ளளவு கணக்கில் கூடியிருக்கும். 2024இல் அங்கே ஒரு கொட்டியும் இல்லை.

மற்றவை எல்லாரும் அறிந்தவைதான். வேலிக்காத்தான் என்னும் சீமைக்கருவேலம் உள்வாயில் புகுந்து நிழல்கட்டுகிறது. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றுப் படுகையை என்ன செய்தது என்பது 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன கதை. அந்தப் பகுதியின் ஏரிகளில் நான் தேடவே இல்லை என்பதால் அவற்றைப் பற்றி இங்கே பேசவில்லை.

ஏரியின் பெயரைச் சொல்லாததற்குக் காரணம் கிழங்கு. அப்போனோகெட்டான் கிழங்குகள் மீன்தொட்டி அலங்காரத்துக்காக உலகெங்கும் விற்கப்படுகின்றன. கையில் அடங்கும், காய்ந்த நிலையில் தபாலில் போகும், தண்ணீரில் போட்டால் முளைக்கும். கோடையில் ஓர் ஆள் ஒரு மண்வெட்டியோடு அரைநாள் உட்கார்ந்தால் அந்த உள்வாயைக் காலி செய்துவிடலாம். நான் அங்கிருந்து எடுத்த கிழங்குகள் மூன்று: ஆயா கொடுத்த கிழங்கு ஒன்று, வயல்வரப்பில் காய்ந்துகொண்டிருந்த இரண்டு. ஒரு கதிரையும் இரண்டு இலைகளையும் அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி, இடம், தேதி, நீரின் ஆழம், மண்ணின் தன்மை எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். திருச்சியில் கே.எம்.மேத்யூ தொகுத்த தமிழ்நாட்டுக் கர்நாடிக் பகுதித் (இன்றைய கர்நாடக மாநிலம் அன்று) தாவரநூல் இன்றும் பயன்படுவதற்குக் காரணம், அதன் பின்னால் இப்படி ஒட்டிய ஆயிரக்கணக்கான தாள்கள் இருப்பதுதான். படம் மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு என் ஆற்றலரியே சாட்சி.

மூன்று கிழங்குகளில் இரண்டை மாடியில் இரண்டு சிமெண்ட் தொட்டிகளில், அந்த ஏரி ஆயக்கட்டின் மண்ணையே கொண்டுவந்து நட்டேன். மூன்றாவது வரும் வழியிலேயே நசுங்கிவிட்டது. ஒரு தொட்டியில் கோடை முழுவதும் தண்ணீர் குறையாமல் ஊற்றி வந்தேன். மற்றதை மாசியிலிருந்து அப்படியே காயவிட்டேன். மண் தொட்டியின் விளிம்பை விட்டு விலகி வெடித்தபோது, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ரோஜா வைக்கலாம் என்று வீட்டில் யோசனை சொன்னார்கள். தண்ணீர் ஊற்றிய தொட்டியில் இலைகள் ஒவ்வொன்றாகச் சிறுத்து, வைகாசியில் நின்றுபோயின. ஆவணியில் விரல்விட்டுப் பார்த்தபோது கிழங்கு கூழாக இருந்தது. ஒரே ஒரு தொட்டியை வைத்து எதையும் முடிவாகச் சொல்ல முடியாது. என் கைப்பிழையாகவும் இருக்கலாம். காய்ந்த தொட்டியில் புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை தண்ணீர் ஊற்றினேன். 12ஆம் நாள் நீருக்குள் நெளிந்த இலையொன்று தெரிந்தது. 20ஆம் நாள் முதல் மிதவை இலை மேலே வந்து படிந்தது. அளந்தேன், 4 செ.மீ. கதிர் இன்னும் வரவில்லை. தினமும் காலையில் தண்ணீர் ஊற்றப் போகும்போது, மொட்டை மூடிய பாளை ஏதாவது தெரிகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு வருகிறேன்.